எழுபத்தேழு புள்ளிகள்

"சார், இந்தப் படத்துல எங்க மாமனாருக்கு மட்டும் கொஞ்சம் முடி வெச்சுக் குடுத்தர்றீங்களா?"

அர்த்தநாரி கண்ணை மூடித் திறந்தார். மணி பத்தரைகூட ஆகவில்லை, அதற்குள் இது நான்காவது ஆள். முதலில் வந்தவருக்குப் பல் வரிசையைச் சரி செய்ய வேண்டும். இரண்டாமவருக்குத் தன் கல்யாணப் படத்திலிருந்து சண்டைக்காரச் சித்தப்பாவைத் தூக்கியாக வேண்டும். மூன்றாவதாக வந்த அம்மாள் காணாமல் போன ஆட்டின் படத்தை நீட்டி, அதற்கு அரசு முத்திரை வேண்டும் என்று கால்மணி நேரம் நகராமல் நின்றாள்.

"இது பேனர் கடை இல்லைங்க. அரசாங்க உருமாற்று மையம். மாமனாருக்கு முடி இருந்தா வரும், இல்லைன்னா வராது."

"இருந்துச்சுங்க. நாப்பது வயசு வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"அப்ப நாப்பது வயசுல எடுத்த படத்தக் கொண்டாங்க. அடுத்த ஆள்."

இந்த எரிச்சல் அரசு வேலைக்கு வந்த பிறகு சேர்த்தது அல்ல, பழைய கையிருப்பு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் திருப்பூரில் பனியனுக்குப் படம் வரைந்து கொடுக்கும் ஆர்ட்வொர்க் அறையில் உட்கார்ந்திருந்தவர் அவர். வருகிறவன் ஒவ்வொருவனும் செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படத்தைக் காட்டி, இதை நெஞ்சகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கொடு என்பான். பெருக்கினால் உடையும் என்று இவர் சொல்வார். படம் என்ன கண்ணாடியா உடையறதுக்கு என்று அவன் கேட்பான். யானைப் பசிக்குச் சோளப்பொரியைக் கொடுத்துவிட்டு யானை ஏன் மெலிந்திருக்கிறது என்று கேட்கிற ஜனங்கள்.

"புள்ளிப் படம் வேற, கோட்டுப் படம் வேற" என்று அவர் ஆயிரம் தடவை விளக்கியிருக்கிறார். புள்ளிப் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது; பெருக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து பல்லிளிக்கும். கோட்டுப் படம் கோடுகளின் கணக்கு. நெல் அளவிலிருந்து நெடுஞ்சாலைப் பலகை அளவு வரை எவ்வளவு இழுத்தாலும் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். ஆயிரம் தடவை சொல்லியும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கோட்டுப் படம் கொண்டுவந்தது கிடையாது. கடைசியில் அவரே அந்தப் புள்ளிக் குப்பையின் மேல் கோடு போட்டு எடுத்துக்கொள்வார்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் வாடிக்கையாளரைக் கேட்கக்கூடாது. கேட்டால் அவர் குழம்பி உங்களையும் குழப்புவார். அது என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட வேண்டும். கோணல் இலையை நிமிர்த்தலாம், விட்டுப்போன கொம்பை ஒட்டலாம். எவனும் குறை சொன்னதில்லை. "நான் குடுத்ததும் இதேதான" என்று வாங்கிப் போவார்கள்.

ஆகவே உருவச் சுருக்கச் சட்டம் வந்தபோது ஊரெல்லாம் புலம்ப, அர்த்தநாரி மட்டும் சந்தோஷப்பட்டார். ஊர்ப்பட்ட ஜனமும் ஆளுக்கு லட்சம் படம் எடுத்துக் குவித்து, அவற்றை வைத்திருக்கும் கிடங்கு எந்திரங்களைக் குளிர வைக்கவே அந்தக் கோடையில் ஓர் அணைத் தண்ணீர் காலியானது. அரசாங்கம் விழித்துக்கொண்டது. இனி ஆவணங்களில் உள்ள படங்கள் எல்லாம் கோடுகளாக மட்டுமே இருக்கும். கோடாக்கி முத்திரை போட்ட மறுநாள் புள்ளி மூலம் அழிக்கப்படும். மூட்டை மூட்டையாகக் கிடந்தது சிட்டிகைக்குள் அடங்கிவிடும். தெளிவில்லாத காமிராப் படங்களை வைத்துக்கொண்டு வக்கீல்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்திருந்த நீதிமன்றங்களும், பெருக்கினால் உடையாத படம் மட்டுமே சாட்சி என்று சொல்லிவிட்டன. இருபத்திரண்டு வருடம் தான் கத்தியதை நாடே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது அர்த்தநாரிக்கு. வேலைக்கு ஆள் எடுத்தபோது முதல் விண்ணப்பம் அவருடையது.

ஐந்தாவதாக வந்தவள் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. வழக்கு எண் எழுதிய சீட்டை நீட்டினாள்.

"பேரு?"

"நித்யகலாங்க. எம்பட ஊட்டுக்காரரு படம்ங்க. போலீசுல இங்க அனுப்பிட்டதாச் சொன்னாங்க."

எண்ணைத் தட்டியதும் படம் வந்தது. ஒரு சாயப்பட்டறையின் முற்றம். கம்பத்து உச்சியில் இருந்த காமிரா எடுத்தது. தூரத்தில் பாய்லர் ஷெட், திறந்த வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. அடுத்த நொடியில் பாய்லர் வெடித்திருக்கிறது. வெளியே கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஒரு படம்தான், அதற்குப் பிறகு காமிராவும் இல்லை, ஷெட்டும் இல்லை.

"ரெண்டு நாள் எரிஞ்சுதுங்க. சாம்பலத் தவிர ஒண்ணும் மிஞ்சல" என்றாள் அவள். "ஓனரு சொல்றாரு, ஞாயித்துக்கெழம பட்டறை ஓட்டக்கூடாதுன்னு சட்டம், நாங்க ஓட்டவே இல்ல, உள்ள ஆளே இல்லைன்னு. அப்ப எம்பட ஊட்டுக்காரரு எங்கீங்கன்னு கேட்டா, அத நீதானம்மா சொல்லோணும்ங்கறாரு."

"வேலைக்குப் போனாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமையே பாய்லரப் பத்த வெக்கோணுங்க. அது அவரு வேலைதான். அஞ்சரைக்கு டீ குடிச்சிட்டுப் போனாரு. உள்ள போனதுக்கு டோக்கன் போட்ட மிஷினும் எரிஞ்சு போச்சு. இப்ப லைன் வீட்டுல எல்லாரும் என்னைய ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கறாங்க. எம்பட புள்ள ஏழாவது படிக்குது, அதுகிட்டயே கேக்கறாங்க, உங்கப்பன் யாருகூடப் போனான்னு." அவள் குரல் உயரவில்லை, சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "வீடு பட்டறைக்காரங்க குடுத்த வீடுங்க. வேலையில செத்தவங்க குடும்பம் இருக்கலாம். ஓடிப்போனவங்க குடும்பம் காலி பண்ணிரோணும். மாசக் கடைசிக்குள்ளாறன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

அர்த்தநாரி வாசலைப் பெருக்கினார். உடைந்தது. இருட்டான வாசலுக்குள் இன்னும் இருட்டாக ஒரு திட்டு. அகலத்தில் ஏழு புள்ளி, உயரத்தில் பதினொன்று. மொத்தம் எழுபத்தேழு. மையத்தின் மென்பொருளுக்கு வரைவான் என்று பெயர் வைத்திருந்தார்கள். வரைவான் அந்தத் திட்டைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சாம்பல் வளையம் போட்டுக் கேட்டிருந்தது: இரைச்சல். நீக்கலாமா? நூறு புள்ளிக்குக் குறைந்த எதையும் அது குப்பை என்றுதான் எண்ணும். அவருடைய விரல் தானாக 'ஆம்' மேல் போனது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"நிறுத்துங்க" என்றாள். "அதுதானுங்க அவரு."

"அம்மணி, இது எழுபத்தேழு கட்டம். இதுல மூக்கு முழி எதுவும் இல்ல."

"நான் செக்கிங்ல இருக்கறேனுங்க. ஒரு கறையப் பாத்தா எண்ணெயா, துருவா, சாயமான்னு தொடாம சொல்லுவேன். இது ஆளு."

"ஆளுன்னு நானும் ஒத்துக்கறேன். யாருங்கறதுதான் கேள்வி."

"அன்னைக்கு அந்த வேலைக்கு இருந்தது அவரு ஒருத்தருதானுங்களே. வேற யாரு வந்து நிப்பாங்க?"

அர்த்தநாரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டே விளக்க ஆரம்பித்தார்.

"கம்பெனில பேட்டர்ன் அட்டை பாத்திருப்பீங்க. ஒரு அட்டைய வெச்சு ஸ்மால்ல இருந்து டபுள் எக்ஸெல் வரைக்கும் வெட்டலாம், இல்லீங்களா?"

"ஆமாங்க."

"கோட்டுப் படம் அந்த அட்டை மாதிரி. எந்த சைசுக்கும் வரும். புள்ளிப் படம் ஒருத்தர் போட்டுக் கழட்டின சட்டை மாதிரி. வேர்வை, கறை, கிழிசல் எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கும், ஆனா பெருசு பண்ண முடியாது. இப்ப நமக்கு மூணு வழி. இத இரைச்சல்னு நீக்கலாம். வாசல் காலியாயிரும், ஓனரு சொல்றது உண்மையாயிரும். இல்ல, புள்ளி விலக்குன்னு ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கு, படம் இப்படியே இருக்கும். ஆனா எந்தக் கோர்ட்டும் அதக் கையில வாங்காது."

"மூணாவது?"

"உங்க வீட்டுக்காரரு படம் ஒண்ணு குடுத்தா, வரைவான் அத மாதிரிப் படமா வெச்சு இந்தத் திட்ட அவரா வரைஞ்சிரும். தெளிவா இருக்கும், உடையாது. ஆனா அது பாத்து வரைஞ்சதில்ல, நீங்க சொல்லி வரைஞ்சது."

"நான் பொய் சொல்லலைங்களே."

"பொய்யின்னு நான் சொன்னனா?" என்று எரிந்து விழுந்தார். கோபம் அவள்மேல் இல்லை. தெளிவாக ஒரு படம் எடுக்காமல் கம்பத்து உச்சியில் மலிவுக் காமிராவை மாட்டிய ஓனர் மேல், அப்படி மாட்டிவிட்டு ஆளே இல்லை என்று சாதிக்கிற நாக்கின் மேல். எழுபத்தேழு கட்டத்தைக் கொடுத்து ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்து என்கிறார்கள். இதற்கு அந்த மாமனார் தலைமுடியே தேவலை.

மைய அதிகாரி ரெஜினா எட்டிப் பார்த்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், சட்டப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவள். "சார், நூறுக்குக் கீழ இருந்தா இரைச்சல்னு போட்டு அனுப்பிடுங்க. இல்லைன்னா புள்ளி விலக்கு. நாம கைய வெச்சா நம்ம தலையில விடியும். நாளைக்கு மூலம் அழிஞ்சிட்டா திரும்பக் கொண்டுவர முடியாது, ஞாபகம் வெச்சுக்கங்க."

"தெரியும் மேடம்."

ரெஜினா உள்ளே போனதும் அவர் கையை நீட்டினார். நித்யகலா ரேஷன் அட்டைப் படத்தைக் கொடுத்தாள். லோகநாதன், முப்பத்தேழு வயது, அட்டைக்காக விறைத்துக்கொண்ட முகம். நான்கு நொடியில் வரைவான் வேலையை முடித்தது. வாசலில் ஓர் ஆள் நின்றான். ஆனால் பொம்மை மாதிரி நின்றான். அர்த்தநாரிக்கு அது பொறுக்கவில்லை. அரைகுறை வேலை அவர் கையை விட்டுப் போனதே கிடையாது.

"நிக்கறது எப்படி நிப்பாரு?"

"எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குங்க. சின்ன வயசுல தறியில அடிபட்டது."

தோளை இறக்கினார். ரேஷன் அட்டையில் தெரிந்த கன்னத்து மருவை வைத்தார். கழுத்தைச் சற்று முன்னால் தள்ளினார். சுத்தம் பண்ணிக்கொண்டே போனார், பழைய அறையில் செய்த மாதிரியே, அதற்கு மேல் யாரையும் கேட்காமல். முடித்துவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பியபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். விரலால் அந்தத் தோளைத் தொட்டாள். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இவருதானுங்க. இவரேதானுங்க."

அர்த்தநாரிக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன். முத்திரைப் பொத்தானை அழுத்தினார். மறுநாள் காலை, விதிப்படி, எழுபத்தேழு புள்ளியும் அழிந்தன.

வழக்கு மூன்றே மாதத்தில் முடிந்தது. அவளுடைய வக்கீல் படத்தை நீதிமன்றச் சுவர் முழுக்கப் பெருக்கிக் காட்டினாராம். மரு வரைக்கும் தெரிந்ததாம். ஓனர் வாயைத் திறக்கவில்லையாம். லோகநாதனுக்கு இறப்புச் சான்று கிடைத்தது, வீடு அவளுக்கே நின்றது. அவள் ஒரு நாள் டப்பாவில் இனிப்பு ஒப்பிட்டுப் போளி கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ரெஜினாவும் இரண்டு சாப்பிட்டாள். அதன் பிறகு, வருகிறவர்கள் முடி கேட்டாலும் பல் கேட்டாலும், அர்த்தநாரி சில நாள் அவ்வளவாகக் கத்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், ஒரு மனிதன் வந்து கவுன்டர் முன் நின்றான்.

"எம்பட முகம் செல்ல மாட்டீங்குதுங்க."

"செல்லாம என்ன?"

"ஆஸ்பத்திரிக் கதவுல காட்டினா சேப்பு வெளக்கு எரியுது. கொழந்த பொறந்து ஒரு மாசம் ஆச்சு, பதிய மாட்டேங்கறாங்க. உங்க ரெக்கார்டு திருப்பூர்ல இருக்கு, அங்க போய்க் கேளுங்கன்னுட்டாங்க. பாலக்காட்டுல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்."

"வழக்கமா தாடி எடுத்தா, மீசை வெச்சா இப்படி ஆகும். காமிராவப் பாருங்க."

அவன் பார்த்தான். திரையில் பெயர் வந்தது, அதன் கீழே ஒரு சொல்: இறந்தவர். மென்பொருள் கோளாறு, எந்த மடையன் எந்த எண்ணை மாற்றிப் போட்டானோ என்று அர்த்தநாரி வாய்க்குள் திட்டிக்கொண்டே நிமிர்ந்தார். அப்போதுதான் அந்த மனிதனின் இடது தோளைப் பார்த்தார். கன்னத்து மருவைப் பார்த்தார். இரண்டையும் அவர்தான் வைத்திருந்தார்.

"லோகநாதன்" என்றார்.

"ஆமாங்க."

பின்னால் நின்ற ஆள் வரிசை நகரவில்லை என்று முணுமுணுத்தான். அர்த்தநாரி கவுன்டர் பலகையைச் சாத்தி, அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீ செத்துட்ட, தெரியுமா?"

"கேள்விப்பட்டேனுங்க." அவன் தரையைப் பார்த்தான். "வெடிச்சுதுன்னு ரெண்டாம் நாளே பேப்பர்ல பாத்தேன். நான் அன்னைக்குத்தான் கெளம்பிப் போனது. அங்க ஒருத்தங்க இருந்தாங்க. நித்யாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆறு மாசமாத் தெரியல. இப்படி ஆனதும், சரி, செத்தவனாவே இருந்துக்கலாம்னு விட்டுட்டேன். அவளுக்கும் ஊடு கெடைச்சுதுன்னு சொன்னாங்க. யாருக்கும் நட்டமில்லைங்களே."

இப்படிப்பட்டவனைப் பார்த்துக் கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும். அர்த்தநாரிக்கு அந்த நிமிடம் அது இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். அவர் பிடித்தது பிள்ளையாராகத்தான் வந்தது, அச்சு அசலாக, மருவோடு. பிடிக்க வேண்டிய பிள்ளையார்தான் வேறு.

"அப்ப அந்த வாசல்ல நின்னது யாரு?"

"எந்த வாசலுங்க?"

"பாய்லர் ஷெட் வாசல். ஆறு நாப்பதுக்கு."

லோகநாதனின் முகத்தில் அப்போதுதான் ஏதோ ஓடியது. கையைப் பிசைந்தான்.

"மாத்து ஆளுங்க" என்றான் மெல்ல.

சாயப்பட்டறைகளில் அது வழக்கம். ஒருவனுக்கு வர முடியாவிட்டால், டீக்கடை வாசலில் வேலைக்கு நிற்கும் வெளிமாநிலத்து ஆட்கள் யாரிடமாவது டோக்கனைக் கொடுத்து அனுப்புவான். அவன் இவன் பெயரில் வேலை செய்து, இவன் பெயரில் வெளியே வருவான். அவன் பெயர் எங்கேயும் ஏறாது. கேட்பாரும் கிடையாது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில டீக்கடைல நின்னாருங்க. ஒடிசாக்காரரு. முன்னயும் ரெண்டு தடவ அனுப்பியிருக்கறேன். நான் போகலைன்னா பாய்லர் ஆறிப் போயிருமேன்னு டோக்கனக் குடுத்தேன்."

"பேரு?"

"கேட்டுக்கலைங்க. அண்ணான்னுதான் கூப்புடுவேன்."

"ஊரு?"

"தெரியலைங்க."

"மீசை இருந்துச்சா?"

"இருந்துச்சு." யோசித்தான். "இல்லைங்களோ. பாக்கு போடுவாரு. அவ்வளவுதானுங்க ஞாபகம் இருக்குது."

அர்த்தநாரி திரைப் பக்கம் திரும்பி அந்தப் படத்தை எடுத்தார். வாசலைப் பெருக்கினார். இன்னும் பெருக்கினார். தோள், மரு, முன்னால் தள்ளிய கழுத்து, எல்லாமே கத்தி விளிம்போடு தெளிவாக இருந்தன. அந்த ஒடிசாக்காரரின் ஒரு மயிரிழைகூட அதில் இல்லை. புள்ளியாக விட்டிருந்தால், எந்தக் கோர்ட்டும் பார்க்காவிட்டாலும், அவருடைய உயரமாவது, நின்ற விதமாவது எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கும். அந்த மனிதர் உலகத்தில் கடைசியாக விட்டுப்போனது எழுபத்தேழு கட்டம். அதையும் சுத்தம் பண்ணியாயிற்று.

"சார்" என்றான் லோகநாதன். "இத அப்படியே விட்டுட்டு எனக்கு வேற பேருல ஒரு முகம் போட்டுக் குடுத்தர முடியாதுங்களா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நீ வாய மூடீட்டு உக்காரு. நான் உம்பட சம்சாரத்துகிட்டச் சொல்லப் போறேன்."

அவர் ரெஜினாவின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது. மறுபடியும் ஓடிவிட்டான். ஆனால் காமிராவில் முகம் பதிவாகியிருந்தது, அதை அவனால் கூட எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை.

ரெஜினா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க சொன்னா உங்க வேலை போகும் சார். அந்த அம்மாவுக்கு வீடு போகும். அந்த ஒடிசாக்காரருக்கு என்ன வரும்? காணாமப் போனவங்களத் தேட ஒரு கோப்பு திறக்கணும்னாகூடத் தேடறவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். நாம அரசு ஊழியர், நாம போட முடியாது. அவர யாரு தேடறா?"

"தெரியல மேடம். அந்தத் தேடற பாரம் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"கையில இருக்கட்டும்."

லைன் வீட்டுக்கு அவர் போனபோது நித்யகலா மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சுவரில் லோகநாதன் படம் மாலையோடு இருந்தது. ரேஷன் அட்டைப் படம் இல்லை. அர்த்தநாரி வரைந்தது, ஆளுயரத்துக்குப் பெருக்கியது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஆற்றுவதற்கோ சுற்றி வளைப்பதற்கோ அவருக்குத் தெரியாது, திட்டுகிற குரலிலேயே சொல்லி முடித்தார். அவர் திட்டியது தன்னைத்தானே என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

"கொழந்த பொறந்திருக்குதுங்களா?"

"ஒரு மாசம் ஆகுதாம்."

"அஞ்சரைக்கு டீ போட்டுக் குடுத்தேன்" என்றாள். "சக்கரை பத்தலைன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்க." அதற்கு மேல் லோகநாதனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தாள். "அமாவாசைக்கு அமாவாசை எல போட்டு இந்த மூஞ்சிக்குச் சோறு வெச்சிருக்கறேன். காக்கா வந்து எடுக்கலைன்னா, கோவமா இருக்கறாருன்னு நெனச்சுக் கண்ணுல தண்ணி விட்டிருக்கறேன். யாருக்குங்க வெச்சேன் அத்தனையும்?"

"தப்பு என்னுதுங்க. நான்தான் வரைஞ்சேன்."

"நீங்கதான் வரைஞ்சீங்க" என்றாள் அவள். அந்தப் பழிக்கு அவள் குரலில் சலுகை எதுவும் இல்லை. "நானுந்தான் இவருதான், இவரேதான்னேன். கறையப் பாத்தே சொல்லிருவேன்னேன். செக்கிங்குல பத்து வருசம்."

"இத மாத்தி எழுதினா வீடு போயிருமுங்க, அம்மணி. நான் யோசிச்சிட்டேதான் வந்தேன். சொல்லாமயே விட்டிருக்கலாம். சொல்லலைன்னா எனக்குச் சோறு எறங்காது, அதுக்காகத்தான் சொன்னேன். நீங்க வேண்டாம்னா இந்தப் பாரத்தக் கிழிச்சுப் போட்டுப் போயிடறேன்."

"என்ன பாரம்?"

எடுத்துக் காட்டினார். தேடப்படுபவர் பெயர், ஊர், அடையாளம், தேடுபவர், உறவு. முதல் மூன்றுக்கும் சரியான பதில் இல்லை, கடைசி இரண்டுக்கும் ஆள் இல்லை என்று விளக்கினார். அவள் தாளை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள், துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் மாதிரி.

"அந்த அண்ணனுக்கு அந்தூர்ல ஒரு ஊடு இருக்குமில்லீங்க."

"இருக்கும்."

"போன ஆளு ரெண்டு வருசமா ஒரு போன்கூடப் பண்ணல. அங்க அவரு சம்சாரத்த என்னன்னு சொல்லீட்டு இருப்பாங்க?"

அவள் எழுந்து போய், சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி மூலையில் சாத்தினாள். தாளைத் தையல் மெஷின் பலகைமேல் விரித்தாள்.

"பேனா இருக்குதுங்களா?"

கொடுத்தார். பெயர் என்ற இடத்தில் 'அண்ணா' என்று எழுதினாள். ஊர், ஒடிசா. அடையாளம், பாக்கு போடுவார். தேடுபவர் என்ற இடத்தில் தன் பெயரையும், இந்த மாதத்துக்கு மேல் தனதாக இருக்கப் போகாத இந்த வீட்டு விலாசத்தையும் எழுதினாள். உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அதுக்கு எதாச்சும் எழுதியே ஆகோணுமுங்களா?"

"எழுதலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து, 'அவர் மனைவிக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.